யாருக்குச் சிரிக்க உரிமை?

திரைப்படம் பற்றி எழுத வருகிற இளைஞர்கள் இப்போதெல்லாம் முதல் வேலையாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். படத்தில் கறுப்பினத்தவர் எத்தனை பேர், ஆசியர் உண்டா, பால்புதுமையினர் உண்டா, இயக்கியது பெண்ணா. எண்ணி முடித்ததும் தேர்ச்சி அல்லது தோல்வி என்று முத்திரை விழுந்துவிடுகிறது. அந்தக் கணக்கைக் கேலி செய்ய நான் வரவில்லை. யாருமே எண்ணாமல் இருந்த காலத்தையும் பார்த்தவன் நான். ஆனால் எண்ணிக்கையை வைத்து ஒரு பத்தி எழுதலாம். மீதிக் கட்டுரைக்கு என்ன செய்வீர்கள்?

அதுவும் பதின்பருவக் கர்ப்பம் பற்றிய படங்களில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் பள்ளி வயதுத் தாய் என்றாலே அரசு உதவிப் பணத்தில் வாழும் கறுப்பினப் பெண் அல்லது லத்தீன் பெண் என்று அரசியல் மேடைகளும் பத்திரிகைகளும் வெகுகாலம் பழக்கியிருந்தன. ஆகவே அங்கே ஒரு இயக்குநர் எந்தப் பெண்ணைக் கதாநாயகியாக எடுத்தாலும், அந்தப் பழைய படத்துக்கு அவர் சொல்லும் பதிலாகத்தான் அது ஆகிறது. அவர் நினைத்தாலும் சரி, நினைக்காவிட்டாலும் சரி. புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஆள் இருக்கிறாரா என்று பார்த்த கையோடு, அந்த ஆளுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

'ஜூனோ'வையே எடுத்துக்கொள்வோம். உங்களில் பெரும்பாலோர் இந்த வகையில் முதலில் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். 2007-இல் வந்தது. ஜேசன் ரைட்மன் இயக்கம். எழுதியவர் டையப்லோ கோடி. முதல் திரைக்கதைக்கே ஆஸ்கர் வாங்கினார். மினசோட்டா மாநிலத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கர்ப்பமாகிறாள், கலைக்கப் போய் மனம் மாறித் திரும்புகிறாள், குழந்தை இல்லாத வசதியான தம்பதிக்குப் பிள்ளையைத் தத்துக் கொடுக்க முடிவு செய்கிறாள்.

இந்தப் படத்தில் நினைவில் நிற்கும் ஆசிய முகம் சூ-சின். நடித்தவர் வலேரி டியன். கருக்கலைப்பு மருத்துவமனை வாசலில் தனி ஆளாக அட்டை பிடித்துக் கோஷம் போடும் பள்ளித் தோழி. அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் ஜூனோவும் அவளும் பள்ளிக்கூட வேலையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், எந்த இரண்டு பிள்ளைகளும் பேசுவது போல. அங்கே சூ-சின்னின் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் போடும் கோஷத்தில் மட்டும் ஓர் இலக்கணப் பிழை வைத்திருக்கிறார்கள். தியேட்டர் சிரிப்பது அந்தப் பிழைக்குத்தான். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அப்படிக் கத்தியிருந்தால் குழந்தைத்தனம் என்று போயிருக்கும். ஆசிய முகத்தின் வாயில் வரும்போது, இவர்களுக்கு ஆங்கிலம் வராது என்கிற புளித்துப்போன பழைய நகைச்சுவை அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் இதோடு நிறுத்தி "இனவாதம்" என்று ஒற்றை வார்த்தையில் மூடிவிடாதீர்கள். கதையைத் திருப்புகிறவளும் இதே சூ-சின்தான். வயிற்றுப் பிள்ளைக்கு நகம் முளைத்திருக்கும் என்று அவள் சொல்லி அனுப்புகிறாள். உள்ளே காத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் நகத்தால் தட்டுவதும் சுரண்டுவதும் ஜூனோவின் கண்ணிலும் காதிலும் பெரிதாக விழ, அவள் எழுந்து வெளியே ஓடி வருகிறாள். படத்தின் மிகப் பெரிய திருப்பம் இவள் கையில் இருக்கிறது. இவளுக்கென்று ஒரு வீடோ, ஓர் ஆசையோ, ஒரு பயமோ கிடையாது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது விமர்சனம்.

அதே படத்தில் தத்தெடுக்கும் தம்பதியின் வரவேற்பறையில் ஜூனோ இன்னொரு ஜோக் அடிக்கிறாள். சீனாவுக்குப் போயிருந்தால் குழந்தையை இலவசப் பொருள் மாதிரி அள்ளிக் கொடுத்திருப்பார்களே என்று. 2005-இல் மட்டும் சீனாவிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்து போன குழந்தைகள் சுமார் 7,900. பெரும்பாலும் பெண் குழந்தைகள். ஒரு குழந்தைக் கொள்கையின் விளைவு. 1990-களின் தொடக்கத்தில் அப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் படம் வரும்போது ஏறக்குறைய ஜூனோவின் வயது. அந்த இருட்டில் அவர்களில் சிலரும் பாப்கார்ன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள் அல்லவா? எழுத்தாளர் அவர்களைப் பார்வையாளராக நினைத்துப் பார்க்கவில்லை. படம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதை இப்படிப்பட்ட இடங்கள்தான் காட்டிக் கொடுக்கும்.

2. பேச்சில் வந்து போகிறவர்களைக் கவனியுங்கள். திரைக்கு வராதவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

'ஜூனோ'வில் ஸ்கேன் எடுக்கும் காட்சி. குழந்தையைத் தத்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஸ்கேன் எடுக்கும் பெண், நல்லவேளை என்கிறாள். என்ன அர்த்தம் என்று மாற்றாந்தாய் பிரென் கேட்கிறாள். இங்கே நிறைய பதின்பருவத் தாய்மார்கள் வருகிறார்கள், அதெல்லாம் குழந்தை வளர்க்கிற சூழலே இல்லை என்கிற மாதிரி பதில் வருகிறது. பிரென் பொங்குகிறாள். உன் பதவி என்ன என்று கேட்டு, நான் நகம் பராமரிக்கிறவள், நீ ஸ்கேன் எடுக்கிறவள், அவரவர் வேலையைப் பார்ப்போம் என்று மூக்கறுத்துவிட்டு, பிறகு அந்தப் பெண்ணின் படிப்பையும் தொழிலையும் மட்டம் தட்டிப் பேசுகிறாள். அரங்கில் எப்போது திரையிட்டாலும் இந்த இடத்தில் கைத்தட்டல் விழும். ஆலிசன் ஜேனி அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார்.

கைத்தட்டல் அடங்கியதும் ஒன்று யோசியுங்கள். "இங்கே நிறைய வருகிறார்கள்" என்று சொல்லப்பட்ட அந்தத் தாய்மார்கள் யார்? படத்தில் ஒருத்தியும் இல்லை. ஜூனோ தவிர வேறு எந்தப் பதின்பருவத் தாயையும் நாம் பார்ப்பதில்லை. பிரென் காப்பாற்றுவது ஜூனோவின் மானத்தை. இவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி கிடையாது என்பதுதான் அந்தக் கோபத்தின் அடியில் இருப்பது. அந்தக் கூட்டத்துக்காகப் பேச அந்த அறையில் ஆள் இல்லை. எடுத்த விதத்தில் பிரமாதமான காட்சி. யாரை விட்டுவிட்டது என்பதிலும் பாடம் சொல்லும் காட்சி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதைப் புதிதாக எழுதுகிறவர்கள் ஏற்க மறுக்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

3. எந்தப் பெண்ணுக்குச் சிரிக்க அனுமதி கிடைக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க விடுவார்கள் என்றால் இதைத்தான் கேட்பேன்.

ஜூனோ தன் கர்ப்பத்தைப் பற்றி முதல் காட்சியிலிருந்து ஜோக் அடிக்கிறாள். அடிக்க முடிகிறது. ஏன்? விஷயத்தைச் சொன்னதும் அப்பா மனம் நொந்துபோகிறார்; ஆனால் வீட்டை விட்டு வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. பிரெனின் பேச்சு அடுத்த நிமிடமே கர்ப்பிணிக்கான வைட்டமின் மாத்திரைக்குப் போய்விடுகிறது. தலைக்கு மேல் கூரை உறுதி என்று தெரிந்த பெண்ணின் நகைச்சுவை அது.

இப்போது 'பிரெஷஸ்'. லீ டேனியல்ஸ் இயக்கி 2009-இல் வந்தது. சஃபையர் எழுதி 1996-இல் வெளியான 'புஷ்' நாவலிலிருந்து. இடம் நியூயார்க்கின் ஹார்லம், காலம் 1987. பெண்ணுக்கு இங்கேயும் பதினாறு வயதுதான். இரண்டாவது கர்ப்பம், இரண்டுக்கும் காரணம் பெற்ற தகப்பன். வீட்டில் அடியும் வசையும். கேபரே சிடிபே அந்த வேடத்தில். தாயாக நடித்த மோனீக்குக்குத் துணை நடிகை ஆஸ்கர். திரைக்கதைக்காக ஜெஃப்ரி ஃபிளெட்சருக்கும் கிடைத்தது, அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ஒரு முடிவு தானாக வந்து விழும்: வெள்ளைப் பெண் கர்ப்பமானால் நகைச்சுவை, கறுப்புப் பெண் கர்ப்பமானால் சித்திரவதை. உண்மையான கவனிப்புதான். 'பிரெஷஸ்' வந்த நேரத்தில் இஷ்மேல் ரீட் போன்ற கறுப்பின எழுத்தாளர்களே, எங்கள் குடும்பங்களை மிருகக் காட்சிசாலை மாதிரி காட்டுகிறதே என்ற தொனியில் கடுமையாகத் தாக்கினார்கள். அந்தக் கோபத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் படத்தைப் புகழ்ந்து எழுதாதீர்கள்.

படத்தையும் ஒழுங்காகப் பாருங்கள். பிரெஷஸ் மாற்றுப் பள்ளியில் சேர்ந்த பிறகு அந்த வகுப்பறை எப்படி இருக்கிறது? ஜமைக்கப் பெண், லத்தீன் பெண், வாயைத் திறந்தால் மூடாத இன்னொருத்தி என்று ஆளுக்கு ஒரு நிறம். கிண்டல், சண்டை, எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது வரும் வெட்கம், அதை மறைக்கச் சிரிப்பு. பிரெஷஸும் சிரிக்கிறாள், மனசுக்குள் எல்லோரையும் கேலி செய்கிறாள். நம் விமர்சகர்கள் யாரும் இதை எழுதுவதில்லை. அவளைக் கண்ணீரோடு மட்டும் பார்க்கிறார்கள். படத்தில் அவளைப் பற்றி நலத்துறை அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கும். கண்ணீரை மட்டும் எழுதுகிற விமர்சனம் அந்தக் கோப்பின் இன்னொரு பிரதிதான்.

மூன்றாவதாக ஒரு படம் உண்டு. உங்களில் அநேகர் பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். 'ஜஸ்ட் அனதர் கேர்ள் ஆன் தி ஐ.ஆர்.டி.' 1992-இல் எடுக்கப்பட்டு 1993 சன்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் பரிசு பெற்றது. ஐ.ஆர்.டி. என்பது நியூயார்க் சுரங்க ரயிலின் ஒரு தடம். எழுதி இயக்கியவர் லெஸ்லி ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண். கதாநாயகி ஷான்டெல், புரூக்ளின்காரி, பதினேழு வயது, வாயாடி. பள்ளியைச் சீக்கிரம் முடித்து டாக்டராக வேண்டும் என்பது திட்டம். கேமராவைப் பார்த்து நம்மிடம் நேராகப் பேசுவாள். கர்ப்பம் என்று தெரிந்ததும் காதலன் கலைப்பதற்குப் பணம் கொடுக்கிறான். அவள் என்ன செய்கிறாள்? தோழியை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய்த் துணிமணி வாங்கிப் பணத்தைத் தீர்த்துவிடுகிறாள்.

அந்த ஷாப்பிங் காட்சியில் பார்வையாளர்கள் நெளிவதைப் பார்த்திருக்கிறேன். ஜூனோவைக் கெட்டிக்காரி என்று சொன்ன அதே வாய், ஷான்டெலைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லும். நடக்காததுபோல் இருந்துவிட்டால் நடக்காமலே போய்விடும் என்று பதினேழு வயது நம்பும். அந்த நம்பிக்கையை ஹாரிஸ் அளவுக்கு நேர்மையாக எடுத்தவர்கள் குறைவு. ஷான்டெல் முன்மாதிரிப் பெண்ணும் அல்ல, பரிதாபத்துக்குரிய பெண்ணும் அல்ல. தப்பு செய்யும், மறைக்கும், சிரிக்கும் சாதாரணப் பிள்ளை. கறுப்பினப் பெண்ணுக்கு அந்தச் சாதாரணத்தைத் திரையில் வாங்கிக் கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்திருக்கிறது.

4. செலவு யார் கையிலிருந்து போகிறது?

நிறத்தைப் பார்க்கும் கண்ணுக்குப் பணம் தெரியாமல் போகிறது. ஜூனோவின் அப்பா வீடுகளில் வெப்பமூட்டி, ஏசி பழுது பார்ப்பவர். பெரிய பணக்காரர் இல்லை. ஆனால் தத்தெடுக்கும் தம்பதி மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்வதால் பணம் என்ற பேச்சே பிறகு எழவில்லை.

எலைசா ஹிட்மனின் 'நெவர் ரேர்லி சம்டைம்ஸ் ஆல்வேஸ்' (2020) படத்தில் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு காட்சி இருக்கிறது. பென்சில்வேனியாவின் சிற்றூரில் ஆட்டம் என்றொரு பெண், வயது பதினேழு. அந்த மாநிலத்தில் பதினெட்டு வயது ஆகாத பெண் கருவைக் கலைக்கப் பெற்றோரில் ஒருவர் சம்மதம் வேண்டும். நியூயார்க்கில் வேண்டாம். ஆகவே சூப்பர் மார்க்கெட்டில் உடன் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண் ஸ்கைலரோடு பஸ் ஏறுகிறாள். பஸ் காசு ஸ்கைலர் கல்லாவிலிருந்து எடுத்தது. அந்தக் கடையில் வேலை முடிந்து பணத்தை ஒரு துளை வழியே உள்ளே கொடுக்கும்போது, முகம் தெரியாத மேனேஜர் அந்தப் பெண்களின் கையைப் பிடித்து முத்தமிடுவான். கேமரா அதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும், யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

தலை எண்ணினால் இந்தப் படம் தோற்றுவிடும். நாயகியர் இருவரும் வெள்ளைப் பெண்கள். ஆனால் கையில் காசில்லாத சிற்றூர்ப் பெண் என்பவளும் அதிகம் திரைக்கு வராதவள்தான். மருத்துவமனையில் ஆட்டமிடம் கேள்வி கேட்கும் ஆலோசகராக வருபவர் நிஜ வாழ்க்கையிலும் அந்த வேலையைச் செய்தவர், பெயர் கெல்லி சாப்மன். அந்தக் கேள்வி பதில் முழுக்க கேமரா ஆட்டமின் முகத்தை விட்டு நகராது. பிரதிநிதித்துவம் என்பதைப் பற்றி எழுதும்போது இந்த மாதிரிக் காஸ்டிங்கையும் கணக்கில் சேருங்கள்.

5. எடுத்தவர் யார் என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள்.

'கின்சினியேரா' 2006-இல் சன்டான்ஸில் நடுவர் பரிசு, பார்வையாளர் பரிசு இரண்டையும் தட்டிச் சென்ற படம். லாஸ் ஏஞ்சலிஸின் எக்கோ பார்க் பகுதி, மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறையும்போது நடத்தும் விழாதான் கின்சினியேரா. நம் வீடுகளின் சடங்கு நினைவுக்கு வரும், ஆனால் இது பிறந்தநாளுக்கு, தேவாலயத்தில் தொடங்கி விருந்தும் நடனமுமாக முடிவது. அந்த விழாவுக்குத் தயாராகும் மக்டலேனா கர்ப்பம் என்று தெரிகிறது. மதபோதகரான அப்பா வீட்டை விட்டுத் துரத்துகிறார். அவள் போய்ச் சேருவது தெருவில் தள்ளுவண்டியில் சூடான சோளக் கஞ்சிப் பானம் விற்கும் முதியவர் தோமாஸ் வீட்டுக்கு. அங்கே ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான்: தன்பால் விருப்பம் கொண்டவன் என்று வீட்டார் ஒதுக்கிய கார்லோஸ்.

எடுத்தவர்கள் ரிச்சர்ட் கிளாட்சரும் வாஷ் வெஸ்ட்மோர்லண்டும். வெள்ளை இனத்தவர், தன்பால் தம்பதி, அதே எக்கோ பார்க்கில் குடியேறியவர்கள். இவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல என்ன உரிமை என்று கேட்கலாம், கேட்க வேண்டும். அவர்கள் படத்துக்குள்ளேயே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தோமாஸ் குடியிருக்கும் இடத்தை வாங்கி அவரைக் காலி செய்யச் சொல்வது யார் தெரியுமா? அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த ஒரு வெள்ளைத் தன்பால் ஜோடி. தங்களைப் போன்றவர்களையே வில்லன் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஜோடி கார்லோஸைப் படுக்கைக்கு அழைக்கும், பிறகு கழற்றிவிடும். வாடகைக்கு இருப்பவன் என்ற நிலை அவனை மற்றவர்கள் எப்படிப் பார்க்க வைக்கிறது என்பது அங்கே தெரியும்.

இதற்கு நேர் எதிராக, எடுத்தவர் அந்தச் சமூகத்துக்காரராகவே இருந்தும் கேள்வி தீராமல் போகலாம். லீ டேனியல்ஸ் கறுப்பினத்தவர். 'பிரெஷஸ்' படத்தில் அவளுக்கு நன்மை செய்கிற ஆசிரியை, நலத்துறை அலுவலர், ஆண் செவிலியர் மூவரும் வெளிர் நிறத்தவர்: பாலா பேட்டன், மரையா கேரி, லென்னி கிராவிட்ஸ். கொடுமை செய்யும் தாய் கருநிறம். நாவலில் அந்த ஆசிரியை கருநிறம் கொண்டவர். நிறத்துக்குள் நிறம் பார்ப்பதைப் பற்றித் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாயகிக்கு யாரைக் கூட்டி வருவோம், நாயகியின் ஏழைத் தோழிக்கு யாரைத் தேடுவோம் என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

சாட் நாட்டு இயக்குநர் மஹமத்-சாலே ஹாரூனின் 'லிங்குய்' (2021) இன்னொரு வகை. என்ஜமீனா நகரம், பதினைந்து வயது மரியா, அவள் தாய் ஆமினா. எல்லோரும் அந்த ஊர் மக்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். இங்கே நிறக் கணக்குக்கு வேலையே இல்லை. பழைய லாரி டயரைக் கிழித்துக் கம்பியை உருவி, அடுப்புப் பின்னி, தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்கும் ஆமினாவின் கைகளில்தான் படம் தொடங்குகிறது. கர்ப்பம் தெரிந்ததும் பள்ளி மரியாவை வெளியே அனுப்பிவிடுகிறது. எடுத்தவர் ஆண். ஆனால் படத்தில் முடிவெடுப்பதும் பணம் புரட்டுவதும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதும் பெண்கள். இமாம் அறிவுரை சொல்ல வந்தபடி இருக்கிறார், அவ்வளவுதான்.

6. பழைய படங்களையும் பாருங்கள்.

பன்முகம் என்பது நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஷீலா டெலனி 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' நாடகத்தை எழுதியபோது வயது பத்தொன்பது. 1958-இல் லண்டனில் மேடையேறியது. 1961-இல் டோனி ரிச்சர்ட்சன் படமாக்கினார். சால்ஃபோர்டில் ஒரு பள்ளிப் பெண், கறுப்பின மாலுமியால் கர்ப்பமாகிறாள். அவளைத் தாய் மாதிரி பார்த்துக்கொள்வது தன்பால் விருப்பமுள்ள நண்பன் ஜெஃப்ரி. ஆண்கள் இடையிலான உறவு இங்கிலாந்தில் சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. 1967 வரை குற்றம்தான். ரீட்டா டஷிங்ஹமுக்கும் மரே மெல்வினுக்கும் 1962 கான் விழாவில் நடிப்புப் பரிசு கிடைத்தது. மாலுமி கப்பலேறியதோடு காணாமல் போகிறான் என்பது படத்தின் குறை. மாலுமியாக நடித்த பால் டான்குவாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அபூர்வம்.

7. குழந்தையையும் எழுதுங்கள்.

பிரெஷஸின் முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். வீட்டில் அதற்கு வைத்திருக்கும் பெயரே ஒரு வசை. ஆயிரம் கட்டுரைகளைப் புரட்டினாலும் அந்தக் குழந்தையைப் பற்றி நாலு வரி தேறாது. மாற்றுத்திறனாளிகள் பிரதிநிதித்துவத்தில் சேரமாட்டார்களா என்ன?

8. பையனை விட்டுவிடாதீர்கள்.

இந்தப் படங்களில் பையன்கள் பெரும்பாலும் ஓடிப்போகிறார்கள், அல்லது ஜூனோவின் காதலன் பிளீக்கர் மாதிரி அப்பாவியாக ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த நிறத்துப் பையனுக்கு அப்பாவி வேடம், எந்த நிறத்துக்கு ஓடிப்போகும் வேடம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

9. படம் சமூகத்தைக் கெடுத்தது, திருத்தியது என்று எழுதும் முன் எண்களைப் பாருங்கள்.

2008-இல் மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் நகரில் ஒரே பள்ளியில் பல மாணவிகள் கர்ப்பமானபோது, அவர்கள் கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள் என்று 'டைம்' பத்திரிகையில் செய்தி வந்தது. உடனே 'ஜூனோ விளைவு' என்றார்கள். ஒப்பந்தத்துக்கு ஆதாரம் இல்லை என்று நகர மேயர் சொன்னது அவ்வளவாக எடுபடவில்லை. அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்குப் பிறப்புகள் 1991-இல் 61.8. 'ஜூனோ' வந்த 2007-இல் சுமார் 42. 2023-இல் 13-ஐ ஒட்டி. படத்துக்குப் பிறகு சரிந்துகொண்டேதான் வந்திருக்கிறது. படத்தால் சரிந்தது என்று எழுதினாலும் அதே அளவு அபத்தம்.

10. பெயரைச் சரியாக எழுதுங்கள்.

ஜூனோவாக நடித்தவர் எலியட் பேஜ். தாம் திருநர் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார். படத்தின் டைட்டிலில் வேறு பெயர் இருக்கும். அதை அடைப்புக்குறிக்குள் போட்டு உங்கள் பொது அறிவைக் காட்ட வேண்டாம்.

11. இதைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு 'ஜூனோ' எடுக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு.

ஸ்கிரிப்டோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இவர்கள்தான். 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சே செல்லாது. கர்ப்பமான சிறுமி மருத்துவமனைக்கு வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் அதில் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தளர்த்தியது. உங்கள் கதையில் பள்ளிப் பெண் சிரித்துக்கொண்டே ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள் என்றால், அடுத்த காட்சியில் வாசலில் போலீஸ் நிற்க வேண்டும். பையனுக்கும் பதினாறு வயது என்றால் அவன் கூர்நோக்கு இல்லத்தில். அவன் எந்தச் சாதி, அவள் எந்தச் சாதி என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். இதையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சும் கதை மினசோட்டாவுக்குத்தான் பொருந்தும்.

12. படம் முடிந்த பிறகு யாருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

இதை யாரும் செய்வதில்லை. செய்வதற்கு அரை மணி நேரம் போதும். 'ஜூனோ'வுக்குப் பிறகு ரைட்மன் 'அப் இன் தி ஏர்' எடுத்தார். கோடி தொடர்ந்து எழுதினார். இருவரும் சேர்ந்து 'யங் அடல்ட்', 'டல்லி' செய்தார்கள். கிளாட்சரும் வெஸ்ட்மோர்லண்டும் எடுத்த 'ஸ்டில் ஆலிஸ்' ஜூலியன் மூருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. லீ டேனியல்ஸ் 'தி பட்லர்' எடுத்தார்.

லெஸ்லி ஹாரிஸ்? சன்டான்ஸ் பரிசு, மிராமேக்ஸ் வெளியீடு எல்லாம் கிடைத்தும், முப்பது ஆண்டுகள் ஆகியும் இரண்டாவது முழுநீளப் படம் அவரிடமிருந்து திரைக்கு வரவில்லை. ஸ்கிரிப்ட் எழுதாமல் இல்லை. பணம் போட ஆள் கிடைக்கவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஹாலிவுட் எடுக்கத் துணியாத படம் என்று தன் படத்தின் முடிவில் ஒரு டைட்டில் கார்டு போட்டவர் அவர்.

அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதினால் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன். எண்ணூறு சொல்லுக்குள் இருக்கட்டும். ஷாப்பிங் காட்சியைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.